அக்கா போன கல் நகரம்

அக்காவிடமிருந்து வந்த முதல் கடிதத்தோடு ஒரு பட அட்டையும் இருந்தது. அடர்ந்த காட்டுக்கு நடுவில், ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரமுள்ள பலகைக் கல் ஒன்று நட்டுவைக்கப்பட்டிருந்தது. அதில் ஒருவனைச் செதுக்கியிருந்தார்கள். தலையில் அவன் உடம்பைவிடப் பெரிய இறகுக் கிரீடம். காதில் வளையம். மார்பில் வரிசை வரிசையாக மணிகள். பாதங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தன. கல்லின் ஓரங்களில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் முகங்களும் புள்ளிகளும் கோடுகளும். அதுதான் அந்தக் காட்டில் முற்காலத்தில் வாழ்ந்த மாயா ஜனங்களின் எழுத்து என்று அக்கா எழுதியிருந்தாள்.

அம்மா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது இன்னா சாமிடி?"

"சாமி இல்லம்மா. ராஜாவாம். ஆயிரம் வருஷத்துக்கு மின்ன இருந்தவராம்."

"ராஜான்றே, காலை இப்பிடி ஆளுக்கொரு பக்கமா திருப்பிக்கினு நிக்கிறாரே. நோவாதா?"

அன்று நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு அம்மா அதை மாதா படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருகிவைத்தாள்.

எங்கள் வீடு திண்டிவனத்தில், மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த தெருவில் இருந்தது. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். எங்களுக்கென்று காணி நிலம் கிடையாது. அம்மா நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கப் போவாள், நடவுக்குப் போவாள். அக்கா நர்ஸ் படித்தாள். படித்து முடித்ததும் சம்பாதிப்பாள் என்று நான் நினைத்திருக்க, அவள் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். அம்மா அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. கொஞ்ச நாளில் எனக்கு விழுப்புரம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அக்காவை மடத்தில் கடல் தாண்டி அனுப்பினார்கள். குவாத்தமாலா என்ற நாடு. நூலகத்தில் பெரிய அட்லஸை விரித்துத் தேடினேன். இரண்டு அமெரிக்காக்களுக்கும் நடுவில் ஒடுங்கிப்போன இடத்தில், என் கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும் அளவில் இருந்தது.

மாதம் ஒரு கடிதம்தான் எழுதலாம் என்பது அவர்கள் மடத்து ஒழுங்கு. அது வந்து சேர இன்னொரு மாதம் ஆகும். அக்கா ஓர் ஆற்றங்கரை ஊரில் மருந்தகம் நடத்தினாள். அங்கிருந்து படகில் போய், காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் அந்தப் பழைய நகரம். அதைப் பற்றி எழுதும்போது மட்டும் அவள் கையெழுத்து பொடிப்பொடியாகிவிடும், இடம் போதாமல்.

"குன்று என்று நினைத்து ஏறினேன். பாதி ஏறிய பிறகுதான் காலுக்கடியில் படிக்கட்டு இருப்பது தெரிந்தது. அது குன்று இல்லை, கோபுரம். மேலே மரம் முளைத்து, வேர் ஒவ்வொரு கல்லையும் பிரித்துப் போட்டிருக்கிறது. எங்கே பார்த்தாலும் இப்படிக் குன்றுகள். எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை."

இன்னொரு கடிதத்தில் அங்குள்ள ஜனங்களைப் பற்றி எழுதினாள். அவர்கள் அந்த நகரத்தைக் கட்டியவர்களின் வம்சம். நிலம் இல்லாமல் மலையிலிருந்து இறங்கி வந்து, காட்டைத் திருத்திச் சோளம் போடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவார்கள். விதைப்பதற்கு முன்னால் காட்டுக்குள் போய் அந்தக் கல்லுக்கு எதிரில் சாம்பிராணி போன்ற ஒரு பிசினைப் புகைத்துவிட்டு வருவார்கள். "முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது நானும் கூடப் போய் நிற்கிறேன். அந்த வாசனை வந்தால் மயிலம் முருகன் தேரோட்டத்தன்று பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது வரும் வாசனை ஞாபகம் வருகிறது. சோளத்தைக் கரைத்துக் கூழ் மாதிரி ஒன்று குடிக்கிறார்கள். அம்மாவிடம் சொல், நம்முடைய கேப்பைக் கூழ்தான் நல்லது."

அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

பிறகு ஒருமுறை, ஒரு கல்லை யாரோ ரம்பத்தால் அறுத்து முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதினாள். வெளிநாட்டில் விற்பதற்காம். அந்த ஊர்ப் பெண்கள் அறுத்த இடத்தைத் தொட்டுத் தொட்டு அழுதார்களாம். அதே கடிதத்தின் கடைசியில், "இப்போதெல்லாம் பட்டாளத்து ஜீப் அடிக்கடி வருகிறது" என்று ஒரு வரி. அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கே அது பெரிதாகப் படவில்லை என்பதுதான் உண்மை.

அந்தச் சமயத்தில் அம்மா வயல் வரப்பில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் அவளுக்குக் கஞ்சி காய்ச்சி வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஓடிப்போய் விழுப்புரம் பாசஞ்சரைப் பிடிப்பேன். ஒருநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா படுக்கையை நனைத்துவிட்டு, கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளைத் துடைத்துச் சேலை மாற்றிவிட்டு, அன்றே உட்கார்ந்து அக்காவுக்கு எழுதினேன். "செத்துப்போன ராஜாக்களைப் பார்க்கக் காட்டுக்குள் நடக்க உனக்கு நேரம் இருக்கிறது. பெற்றவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், வந்து பார்க்க நேரம் இல்லை. அங்கே இருக்கிறவர்களுக்கெல்லாம் அம்மாவாக இரு. இங்கே ஒருத்தி இருந்தாள் என்பதை மறந்துவிடு." மறுநாளே தபாலில் போட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் போனபோது, அக்கா கோபித்துக்கொண்டாலும் அம்மாவுக்கு எழுதாமல் இருக்கமாட்டாள் என்று தோன்றியது.

அம்மா அப்போது கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவர் தூரத்தில் வரும்போதே கையை ஆட்டி இல்லை என்று காட்டிவிடுவார். கொஞ்ச நாளில் அவர் எங்கள் தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போய் அக்காவின் மடத்துத் தலைவியான மதரைப் பார்த்தேன். அவர் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். அந்தச் சாந்தத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது.

"மதர், ஆறு மாசமாச்சி. எங்க அம்மாவுக்கு நான் இன்னா சொல்றது?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று தந்தி நகல்களை எடுத்து எதிரில் வைத்தார். எல்லாம் அவர் அனுப்பியவை. பதில் ஒன்றும் இல்லை.

"அங்கே சண்டை நடக்குதும்மா. பட்டாளம் ஊர் ஊராக் கொளுத்துதுன்னு சொல்றாங்க. சிஸ்டர் இருந்த ஊர் காலியாயிடுச்சாம். அதுக்கு மேல எனக்கும் தெரியாது." அவர் அந்த நகல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "நான்தானே அவளை அனுப்பினேன்."

அதற்குப் பிறகு அவரிடம் எப்படிக் கோபப்படுவது?

ஒரு கடிதத்தின் தலைப்பில், அந்த நாட்டுத் தலைநகரில் இருந்த மடத்தின் தொலைபேசி எண் அச்சாகியிருந்தது. நாள் முழுக்க நான் செய்வது அதே வேலைதான். யாரோ ஒருவரின் குரலை இன்னொருவரின் காதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பம்பாய்க்குப் பேசும் மல்லாட்டை மண்டிக்காரர்கள், டெல்லியில் பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைக்கு அழுதுகொண்டே பேசும் தாய்மார்கள். ஆனால் நாங்கள் எங்கள் சொந்த வேலைக்கு டிரங்க் கால் போடக்கூடாது. சூப்பர்வைசர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் டிரங்க் கால் பதியும் டிக்கெட் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"உன் பேர்ல ஒழுங்கா டிக்கெட் போட்டு புக் பண்ணு. காசு கட்டிடு. காலை ஷிப்ட்ல பண்ணு, லைன் ஃப்ரீயா இருக்கும். அங்க அப்ப சாயங்காலம்தானே?"

நான்கு நாட்கள் முயன்றோம். விழுப்புரத்திலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கடலுக்கு அப்பால். ஒவ்வொரு ஊரிலும் முகம் தெரியாத ஒரு பெண் என்னைப் போலவே ஹெட்செட் மாட்டிக்கொண்டு, "ட்ரை பண்றேன் விழுப்புரம், லைன்ல இருங்க" என்றாள். ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு மணி அடித்தது. கிணற்றுக்கடியிலிருந்து வருவதுபோல் ஒரு பெண் குரல்: "அலோ?"

அக்காவின் பெயரைச் சொன்னேன். இந்தியா என்றேன். சிஸ்டர் என்றேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் படபடவென்று ஏதோ பேசினாள். அதில் "அக்கா" என்ற சத்தம் கேட்டது.

"ஆமா, அக்கா! அக்கா! எங்க அக்காதான்!" என்று கத்தினேன். பக்கத்து போர்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் திரும்பவும் அதையே மெதுவாகச் சொன்னாள். கைக்கு வந்த டிக்கெட்டின் பின்புறத்தில் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டேன். 'நோ எஸ்தா அக்கீ. நோ சவேமோஸ் நாதா.' அதற்குள் இரைச்சல் வந்து லைன் அறுந்துவிட்டது. பம்பாய்ப் பெண் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, "ஸாரி விழுப்புரம்" என்றாள்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் புதுச்சேரி. மடத்தில் வயதான பிரெஞ்சுக்கார சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஸ்பானிய மொழியும் கொஞ்சம் தெரியும். அவருக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. நான் வாசிக்க வாசிக்க அவர் உதடுகள் அசைந்தன.

"அக்கீ என்றால் 'இங்கே', மகளே. 'அவள் இங்கே இல்லை. எங்களுக்கு ஒன்றும் தெரியாது.' அவ்வளவுதான்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு வார்த்தையையே சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கீ, அக்கீ.

கடலூருக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனுவும் கொடுத்தேன். வாங்கிய குமாஸ்தா நல்ல மனிதர். நாட்டின் பெயரை என்னிடமே மூன்று முறை கேட்டார். பிறகும் 'கௌதமாலா' என்றுதான் எழுதினார். "இன்னா ஊரும்மா இது, கேள்விப்பட்டதே இல்ல. டெல்லிக்கு அனுப்புவாங்க. வெயிட் பண்ணுங்க" என்றார். மனு மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டிருப்பதாக ஒரு தாள் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அம்மாவிடம், அங்கே தபால் ஸ்டிரைக் என்று சொல்லியிருந்தேன். அவள் நம்பினாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அந்தப் பட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த மாதிரி கல்லு நம்ம பக்கம் எங்கியாச்சும் இருக்குதா?"

"எதுக்கும்மா?"

"அவ பாத்துக்கினு இருந்தாளே. நானும் ஒருவாட்டி பாக்கறேன்."

எனக்குத் தெரிந்தது பனமலைக் கோயில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். இறங்கிய இடத்திலிருந்து அவள் கம்பை ஊன்றி ஊன்றி மலையடிவாரம் வரை வந்துவிட்டாள். பத்துப் படி ஏறினாள். அதற்கு மேல் முழங்கால் மடங்கவில்லை. நான் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. அம்மா ஒரு பாறைமேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரில் ஏரி நிறைந்து கிடந்தது.

"நீ போய் பாத்துட்டு வா. வந்து சொல்லு."

தனியாக ஏறினேன். பல்லவர் கட்டிய கோயில். தூண்களைச் சிங்கங்கள் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. எத்தனையோ நூறு வருட மழையில் சில முகங்கள் மழுங்கிப் போயிருந்தன. சுவரில் எழுத்து வரி வரியாக ஓடியது. எங்கள் ஊர் எழுத்துதானோ என்னவோ, எனக்கு ஓர் எழுத்தும் படிக்க வரவில்லை. அங்கே நின்றுகொண்டு, அக்கா உயிரோடு இல்லை என்று முதல்முறையாக எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சுவரையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "ஜல்தியா கிளம்பு, பஸ்ஸை உட்டா பேஜாரு" என்று கம்பை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் வெகுநேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே, "ஸ்டிரைக்குன்னு சொல்லாத. எவ்ளோ நாளுக்கு ஒரு ஸ்டிரைக்கு நடக்கும்?" என்றாள்.

கடைசிக் கடிதம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த ஒரு நாள், மதர் ஒரு சிஸ்டரைத் திண்டிவனத்துக்கே அனுப்பினார். அவர் கையில் மெக்ஸிகோ தபால்தலை ஒட்டிய உறை. உள்ளே கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் பென்சிலால் எழுதியிருந்தது. அக்காவின் எழுத்து.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் படித்தேன்.

பட்டாளம் வரும் செய்தி முன்னாலேயே தெரிந்து, அக்காவும் அந்த ஊர்க் குடும்பங்களும் காட்டுக்குள் போனார்கள். அந்தப் பழைய நகரத்தில்தான் ஒளிந்தார்கள். ஒன்பது நாட்கள். அந்த உயரமான கற்களுக்குப் பின்னால், இடிந்த அறைகளுக்குள். புகை தெரிந்துவிடும் என்று அடுப்பு மூட்டவில்லை. ஊறவைத்த சோளத்தைப் பச்சையாக மென்றார்கள். தூரத்தில் அவர்களுடைய வீடுகள் எரிவது தெரிந்தது. பிறகு நடந்தும் படகிலும் ஆறு தாண்டி மெக்ஸிகோவுக்குள் போய், அகதி முகாமில் இருக்கிறார்கள்.

அதற்கு நடுவில் இருந்த சில வரிகளை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவை இப்படி இருந்தன: "பையில் இருந்த மருந்து இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. குழந்தைகளுக்குக் காய்ச்சல். நர்ஸ் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் கையில் ஈரத் துணியைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு குழந்தைகளை அந்தக் கல்லின் கீழே புதைத்தோம். ஜெபம் சொல்லக்கூட வாயைத் திறக்க முடியவில்லை, சத்தம் கேட்டுவிடும் என்று."

"படிக்கிறப்ப நடுவுல முழுங்கினியே, அது இன்னா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. எழுத்து புரியல."

"சரி" என்று அவள் மாதா படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

கடிதத்தின் அடியில் எனக்கென்று தனியாக இரண்டு வரி. "உன் கடிதம் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் வந்தது. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை." அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது எழுதியிருப்பேன். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பல நாட்கள் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் இரண்டு வருடம் கழித்து அக்கா மூன்று வார விடுமுறையில் வந்தாள். தலைமுடி முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. அம்மா அவள் கைகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். அக்கா கேப்பை மாவைப் பிசைந்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் தட்டித் தட்டி அடை சுட்டாள். அங்கே அப்படித்தான் சுடுவார்களாம். அம்மா சிரித்துக்கொண்டே தின்றாள். அந்தக் காட்டைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை.

வந்து பத்து நாள் இருக்கும். மதியம், எங்கள் தெரு வழியாகச் சாவு ஊர்வலம் போனது. திடீரென்று சரவெடி வெடித்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் அக்கா பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். கூடத்துக்கு ஓடி வந்து பார்த்தால் அக்காவைக் காணோம். அம்மா கையைக் காட்டினாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில், அந்தக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, அதன் வாயை ஒரு கையால் பொத்தியபடி அக்கா குந்தியிருந்தாள். குழந்தை திமிறிக்கொண்டிருந்தது.

"அக்கா, வெடிதான். சாவு வெடி. கையை எடுக்கா."

அவளுக்கு நான் சொல்வது கேட்கவில்லை. நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, குழந்தையின் தாயிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவளிடம் சொன்னேன்.

"போவாதக்கா. இங்கயே இருந்துடு. மதர்கிட்ட நான் பேசறேன். இங்க ஆஸ்பத்திரியே இல்லியா?"

"முகாம்ல இருக்கிறவங்க யாரும் இன்னும் ஊருக்குத் திரும்பலடி. நான் மட்டும் எப்பிடி ஊர்ல வந்து உக்காந்துக்கிறது?"

"நாங்க இல்லியா உனுக்கு?"

அவள் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினாள். என் குடத்தில் ஊற்றிவிட்டு, இன்னொரு முறை இறக்கினாள். அம்மாவிடம் போய், நீயாவது தடுத்துச் சொல் என்று அழுதேன். அம்மா முழங்காலை நீவிக்கொண்டே, "நான் சொன்னா நின்னுடுவா. அதான் சொல்லல" என்றாள்.

அக்கா முகாமுக்குத் திரும்பிக் கிளம்பும் நாள் நான் மட்டும் பஸ் நிலையத்துக்குப் போனேன். மெட்ராஸ் பஸ் நிரம்பி வழிந்தது. வறுத்த மல்லாட்டைப் பையை அவள் கையில் திணித்தேன். "ஜல்தி ஏறும்மா" என்று கண்டக்டர் விரட்ட, அவள் கூட்டத்துக்குள் புகுந்து ஏறினாள். அவளுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலோரம் இடம் கிடைத்தது போலிருக்கிறது. இந்தப் பக்கம் நின்ற எனக்கு நிற்பவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடுவதற்குள் விசில் ஊதி பஸ்ஸை எடுத்துவிட்டார்கள்.